படுக்கை உயரம்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, எரிமலையின் தெற்கு அடிவாரத்தில் உள்ள இறக்கத் தெருவில், ரொட்டிக் கடைக்காரர் தன் கடையின் நிலவறையில் இறந்து கிடந்தார். மாவு மூட்டைகளுக்கு நடுவே அவருடைய பூனையும் கிடந்தது.

உடலில் காயம் இல்லை. அறையில் புகையோ நாற்றமோ இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் அதே தெருவில் இன்னும் நான்கு பேர் இறந்தார்கள். நால்வருமே தூக்கத்தில் போனவர்கள். தரையில் மெத்தை போட்டோ தாழ்வான கட்டிலிலோ படுத்திருந்தவர்கள். மலை என்றைக்காவது நெருப்பைக் கக்கும் என்று தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஊர் அது. மலை வாயைத் திறக்கவே இல்லை. மண்ணுக்கு அடியிலிருந்து கரியமில வாயு கசிந்து, தரை விரிசல் வழியாகவும் சாக்கடைக் குழாய் வழியாகவும் வீடுகளுக்குள் வந்தது. காற்றைவிடக் கனமானது என்பதால் அது மேலே எழாது. பள்ளத்தில் தண்ணீர் தேங்குவது போலத் தரையோடு தேங்கி நிற்கும். ஊரார் அதற்குப் படுகாற்று என்று பெயர் வைத்தார்கள்.

தெருவைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளைப் பலகையால் தடுத்து, குடும்பத்துக்கு ஓர் அறை என்று கொடுத்தார்கள். இடம் போதவில்லை. பின்னால் வந்தவர்கள் தாழ்வாரத்தில் கட்டில் போட்டுக் காத்திருந்தார்கள். கோடை முடியும்போது நிபுணர் குழு ஒன்று கூடி ஒரு விதியை எழுதியது. செத்தவர்களில் பெரும்பாலோர் படுக்கையில் செத்தவர்கள் என்பதால், வீட்டில் ஆட்கள் படுக்கும் உயரத்தில் காற்றை அளப்பது. வாயு எல்லைக்குள் இருந்தால் கதவில் பச்சைத் தாள், மீறினால் சிவப்புத் தாள். பச்சை ஒட்டிய வீட்டுக்காரர்கள் ஒரு வாரத்துக்குள் பள்ளிக்கூட அறையைக் காலி செய்துவிட வேண்டும்.

விதி வந்த நாளிலிருந்து ஊரில் இருந்த தச்சர்களுக்குச் சாப்பிட நேரம் இல்லாமல் போனது. முதலில் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தார்கள். செங்கல் மேல் செங்கல் ஏறியது. பிறகு இடுப்பளவு, மார்பளவு என்று வளர்ந்து, கடைசியில் ஏணி வைத்து ஏறும் பரண்கள் வந்துவிட்டன. பகலில் சாமான் எடுக்க வந்து போகிறவர்கள் ஒருவரையொருவர் எத்தனையாவது மாடியில் தூங்கப் போகிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தூக்கத்தில் உருண்டு விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். படுகாற்றுக்குத் தப்பினவனைப் படுக்கை கொல்லப் பார்த்தது என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

இந்த வீடுகளை அளந்தவள் நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண். முன்பு தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தாள். வீடு வீடாக ஏறி இறங்கிப் பழக்கப்பட்டவள் என்பதால் எரிமலை அலுவலகம் அவளை எடுத்துக்கொண்டு, கையடக்கமான கருவி ஒன்றைக் கொடுத்தது. கருவியின் நுனியில் ரப்பர் குழாய். குழாய் காற்றை உறிஞ்சும். வாயு எல்லையைத் தாண்டினால் கருவி கத்தும். தெருவில் எல்லோரும் அவளை அளவுக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். பச்சை வாங்கினவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிவப்பு வாங்கினவர்கள் வாசல் வரை வந்து திட்டினார்கள். இரண்டையும் அவள் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டாள். அவள் அளவில் ஓரவஞ்சனை இல்லை என்பதைத் திட்டினவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

அக்டோபரில் அவளுடைய அண்ணன் வீட்டு முறை வந்தது.

அண்ணன் பூட்டுக்காரர். இறக்கத் தெருவில் முன்னறையே பட்டறை. பின்னால் சமையலறையும் படுக்கையறையும். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர் அவர்தான். அவளுக்குக் காது ஓரம் நரைத்துவிட்டது, இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். சொந்த அண்ணன் வீட்டை நான் அளப்பது முறையில்லை, வேறு ஆளை அனுப்புங்கள் என்று அவள் மேலதிகாரியிடம் கேட்டாள். இன்னொரு அளவுக்காரர் மலையின் மறுபக்கத்துக்குப் போயிருந்தார். சொந்தக்காரர் வீடு என்று பார்த்தால் இந்த ஊரில் யாருமே யார் வீட்டையும் அளக்க முடியாது, போய் வேலையைப் பார் என்று மேலதிகாரி அனுப்பிவிட்டார்.

அளக்கப் போவதற்கு முந்தின நாள் மாலை அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அண்ணி, குழந்தைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் சிரமப்பட்டு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் யாரோ எழுதிய வாய்ப்பாடு இன்னும் அழியாமல் இருந்தது. அறைக்குப் பெரிய ஜன்னல். பக்கத்து அறைப் பெண்கள் மூவரும் அண்ணியும் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொண்டு, நாளெல்லாம் பேசிச் சிரித்து, முறைபோட்டுச் சமைத்தார்கள். மேட்டுக்கு வந்த பிறகு அண்ணியின் முகம் தெளிந்திருந்தது.

தெளிந்ததற்குக் காரணம் இருந்தது. தெருவைக் காலி செய்வதற்கு முன்பு பல மாதமாக அண்ணிக்குத் தலைசுற்றல். குனிந்து பெருக்கும்போது வரும். கீழ் அலமாரியைத் துடைக்கும்போது வரும். ஒரு தடவை வாளியைத் தூக்கப் போய் அப்படியே சாய்ந்தார். டாக்டர் ரத்த அழுத்தம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் பெண்டாட்டிக்குத் துடைப்பத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும் என்று அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும்தான்.

அண்ணி மடித்த துணியை ஓரமாக வைத்தார்.

"நாளைக்கு நீதான் வர்றியாமே."

"ஆமா அண்ணி."

"சிவப்பு ஒட்டிடு."

"கருவி என்ன காட்டுதோ அதத்தான் ஒட்ட முடியும்."

"கருவி உன் கையில தானே இருக்கு. கைய ஒரு சாண் கீழ எறக்கு. அவ்வளவுதான் கேக்கறேன்."

"ஒரு வீட்ல அப்படிப் பண்ணிட்டேன்னா, அப்புறம் நான் ஒட்டின பச்சையை எவன் நம்புவான்? அங்க பிள்ளைகுட்டியோட படுத்திருக்காங்க அண்ணி."

"உன் அண்ணன் படுக்கறது ராத்திரி மட்டும்தான். பகல் முழுக்க அந்த வீட்ல நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியாதா?"

முழங்கால் தேய்ந்து போன தனக்கு ஏணி ஏறுவது எப்படி என்றும் அண்ணி கேட்டார். அண்ணன் ஏணி போடவில்லை, அகலப் படி வைத்துக் கைப்பிடியும் போட்டிருக்கிறார் என்று அவள் சொன்னாள். அது அண்ணிக்கும் தெரிந்திருந்தது. அந்த மனுஷன் பாசத்துக்குக் குறைச்சல் வைக்கவில்லை என்றார். பிறகு டீ போட்டுக் கொடுத்தார். இருவரும் பக்கத்து அறைக்காரியின் மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் போனபோது வீட்டின் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. மேஜை விசிறி வாசலைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. அளக்க வரும் அன்று எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அவள் விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, அண்ணனையும் வெளியே வரச் சொல்லிக் கதவை மூடினாள். காற்று பழைய நிலைக்கு வரும்வரை இருவரும் தெருவில் நின்றார்கள். அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான் பண்றியா, இல்ல அண்ணன்காரன்னு எனக்கு மட்டும் ஸ்பெஷலா?"

"எல்லாருக்கும்தான்."

"சரி சரி. உன்னைப் படிக்க வெச்சது என் தப்பு."

உள்ளே போய் அவள் படுக்கையில் ஏறினாள். அண்ணன் தானே செய்த கட்டில் அது. கழுத்தளவு உயரம். சுவரோடு இரும்புச் சட்டம் அடித்து, படிகளுக்கு ரப்பர் ஒட்டி, கைப்பிடியை உரசி உரசி வழவழப்பாக்கியிருந்தார். விதி சொன்னபடி கட்டில் காலின் உச்சியில், தலைமாட்டுக்குப் பக்கத்தில், வாயு ஏறினால் கத்தும் எச்சரிக்கை மணி ஒன்றும் பொருத்தியிருந்தது. அவள் தலையணைமேல் குழாயை வைத்துப் பிடித்தாள். கருவி கத்தவில்லை. இடத்தை மாற்றி வைத்தாள். கால்மாட்டில் வைத்தாள். வாயு எல்லைக்கு நன்றாகவே கீழே இருந்தது.

இறங்கும்போது குழாயைத் தரைப் பக்கம் தொங்கவிட்டாள். குழாய் முழங்கால் உயரத்துக்கு வருவதற்குள்ளேயே கருவி கத்த ஆரம்பித்தது.

"அது தரை பாப்பா," என்றார் அண்ணன். "தரையில யாரு படுக்கறா?"

"அண்ணி பெருக்கித் துடைக்கணுமே."

"நான் பெருக்கிட்டுப் போறேன். இதோ பாரு, நீட்டுக் கம்பு போட்ட தொடப்பமே வாங்கிட்டேன். குனியற வேலை ஒண்ணையும் அவளத் தொட விட மாட்டேன்." அவர் பட்டறை மேஜையைத் தடவினார். சாவி வெட்டும் இயந்திரம் அதில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. அதைப் பள்ளிக்கூடத்தில் வைக்க அனுமதி கிடைக்கவில்லை. "அங்க காலையில எழுந்து சுவத்தப் பார்த்து உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அதே சுவருதான். சின்னப் பசங்க பெஞ்சுல, மடக்கி வெச்ச குடை மாதிரி. என்னால முடியல பாப்பா."

அவள் வெளியே வந்து மேலதிகாரிக்குப் போன் செய்தாள். படுக்கையில் எல்லைக்குள் இருக்கிறது, தரையில் மீறுகிறது என்றாள். விதியில் தரை என்ற சொல் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். தரையைக் கணக்கில் எடுத்தால் அந்தத் தெருவில் ஒரு வீடும் தேறாது என்றும், தாழ்வாரத்தில் கிடக்கிறவர்களுக்கு அவள் வந்து பதில் சொல்வாளா என்றும் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. தாழ்வாரத்தில் கைக்குழந்தைகள் இருந்தன; குளிர் தொடங்கியிருந்தது.

அவள் கதவில் பச்சைத் தாளை ஒட்டினாள்.

அண்ணி அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். சாமான் தூக்க உதவிக்கு வந்த நாத்தனாரிடம் கோபப்படவில்லை. நீ சரியாகத்தான் அளந்தாய், உன்மேல் குற்றம் இல்லை என்று மட்டும் சொன்னார். அதற்கு அண்ணி திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அண்ணன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அடுப்பை உயரமான மேஜைக்கு ஏற்றினார். தண்ணீர்த் தொட்டியைத் தாங்கி மேல் வைத்தார். கீழ் அலமாரிகளைக் காலி செய்து ஆணி அடித்து மூடினார். காலையில் ஜன்னல்களைத் திறந்து விசிறியைப் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நீட்டுத் துடைப்பத்தால் வீடு முழுவதையும் தள்ளிப் பெருக்கினார். எதிர்வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மாவை மேலே ஏற்றி வைத்துவிட்டு நீங்கள் கீழே இறங்கிவிட்டீர்களே என்று சீண்டினார். கல்யாணமான அன்றே இறங்கிவிட்டேன், உனக்கு இப்போதுதான் தெரிகிறதா என்றார் அண்ணன்.

தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். வரும்போது கருவியையும் எடுத்து வந்தாள். படுக்கையில் எப்போதும் சரியாக இருந்தது. தரைக்குக் கொண்டுபோனால் கத்தியது. ஒரு ஞாயிறு அண்ணி படியில் உட்கார்ந்தபடி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அத மூடி வை. தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

நவம்பரில் வேலை குவிந்தது. காலியாகக் கிடந்த சிவப்பு வீடுகளில் திருட்டு நடக்க ஆரம்பித்ததால், ஊரில் பாதிப் பேர் பழைய பூட்டை மாற்றி இரட்டைப் பூட்டுப் போட்டார்கள். அண்ணன் விடிந்ததும் இயந்திரத்தின் முன்னால் நின்றார். வெட்ட வெட்டப் பித்தளைத் தூள் மேஜைக்கு அடியில் கொட்டியது. பெருக்குவதை மத்தியானத்துக்குத் தள்ளிப் போட்டார். மத்தியானம் மறுநாள் ஆனது. தூள் காலில் ஒட்டிச் சமையலறைக்குப் போனது. அங்கிருந்து படி ஏறிப் படுக்கைக்கும் போனது. அண்ணியின் குதிகால் வெடிப்பில் ஏறிக் குத்தியது. அண்ணி ஒரு முறை சொன்னார், இரண்டாம் முறை சொன்னார். இன்றைக்குக் கட்டாயம் என்றார் அண்ணன்.

இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மண் நனைந்து இறுகினால் திறந்த வெளியில் வாயுவுக்கு வழி அடைபடும். மழை படாத வீட்டுத் தரை வழியாகத்தான் அது வெளியேறும். மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. காற்று அசையவில்லை. அண்ணன் மேட்டில் மருந்துக்கடை ஒன்றில் பூட்டு மாட்டப் போய்விட்டார். குளிருக்காக ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

நீட்டுத் துடைப்பம் மேஜைக்கு அடியில் தூளை முன்னும் பின்னும் தள்ளுமே தவிர வெளியே கொண்டுவராது. சுவர் மூலையில் குவிந்ததை எடுக்கக் கைத்துடைப்பமும் முறமும் வேண்டும். ஆள் உள்ளே நுழைந்து உட்கார வேண்டும். அண்ணி அவற்றை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்தார்.

அண்ணன் மத்தியானம் வந்து பார்த்தார். மேஜைக்கு வெளியே கால்கள் தெரிந்தன. குனிந்து இழுத்தார். வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டு அவரும் விழுந்தார். எதிர்வீட்டுக்காரர் இருவரையும் தெருவுக்கு இழுத்துப் போட்டார். அண்ணனுக்கு நினைவு திரும்பியது. அண்ணிக்குத் திரும்பவில்லை. முறத்தில் பாதி அள்ளிய தூள் இருந்தது. மேலே தலைமாட்டில் எச்சரிக்கை மணி கத்தவில்லை; அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாவு நடந்த வீட்டுக்குள் போலீசார் நுழைவதற்கு முன் யாராவது அளந்து சொல்ல வேண்டும். அலுவலகம் தெருவின் பெயரை மட்டும் சொல்லி அவளைத்தான் அனுப்பியது. இறந்தவர் யார் என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டாள். தெருவில் போர்வை மூடியிருந்த உடலுக்குப் பக்கத்தில் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இன்னிக்குப் பெருக்கறேன்னு சொல்லியிருந்தேன் பாப்பா," என்றார். அதையே திரும்பச் சொன்னார்.

அவள் கருவியோடு உள்ளே போய் அளந்தாள். வெளியே வந்து போலீசாரிடம் இரண்டு அளவையும் சொன்னாள். படுக்கையில் எல்லைக்குள். தரையில் எல்லையைப் போல் பல மடங்கு. கதவைத் திறந்து வைத்து விசிறியைப் போட்ட பிறகு அவர்கள் உள்ளே போனார்கள். அவள் அண்ணியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே இருந்த ஒரு காலை உள்ளே எடுத்து மூடினாள். பாதத்தில் தூள் ஒட்டியிருந்தது. அதை முந்தானையால் துடைத்தாள். முழுவதும் போகவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அண்ணன் தனக்குப் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் இடம் வேண்டும் என்று கேட்டார். வீடு பச்சையில் இருப்பதால் முடியாது என்று பதில் வந்தது. அவள் மேலதிகாரியைப் போய்ப் பார்த்தாள். அவர் வருத்தம் தெரிவித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். படுக்கை உயரத்தில் அளவு சரியாக இருக்கும்போது சிவப்புக்கு மாற்ற விதியில் வழியில்லை என்றார். அது வீட்டு வேலையில் நடந்த விபத்து என்று அறிக்கை போயிருந்தது. குழுவுக்கு எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். தெருவில் மற்ற பச்சை வீடுகளுக்குப் போய், குனிந்து பெருக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அப்படியானால் யார் பெருக்குவது என்று பெண்கள் கேட்டார்கள்.

குளிர்காலம் முழுவதும் அண்ணன் அந்த வீட்டிலேயே இருந்தார். பூட்டு வேலையை விட்டுவிட்டார். தரையைப் பெருக்கவில்லை.

பிப்ரவரியில் அதே தெருவின் மறுமுனையில் தவழும் குழந்தை ஒன்று இறந்தது. அந்த வீடும் பச்சைதான்.

ஜூன் மாதம் விதி திருத்தப்பட்டது. இனி தரை மட்டத்திலும் அளக்க வேண்டும். அவள் இறக்கத் தெருவை முதலிலிருந்து அளந்து, பச்சைத் தாள் இருந்த எல்லாக் கதவுகளிலும் சிவப்பை ஒட்டினாள். அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. தனி ஆள் என்பதால் அறை ஒதுக்கவில்லை. தாழ்வாரத்தில் ஒரு கட்டில் கொடுத்தார்கள்.